பழைய காருக்கு எல்இடி பல்பு: வாங்கும் முன் ஒரு வார்த்தை

தம்போய் வட்டாரத்தில் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களை ஒரு மாலை நேரத்தில் நடந்துகொண்டே எண்ணிப் பாருங்கள். கஞ்சில், வீரா, பழைய சாகா, முதல் தலைமுறை மைவி என்று பத்து, பதினைந்து வயதைத் தாண்டிய கார்கள் நிறையவே தென்படும். வங்கிக் கடன் முடிந்துவிட்டது, இஞ்சின் நன்றாக இருக்கிறது, பிறகு எதற்கு விற்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு மழை இரவில் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுகிறார்கள்: “ஹெட்லைட் ரொம்ப மங்கலா இருக்கு. எல்இடி போட்டுடலாமா?”

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் அப்பா. வயது அறுபத்தாறு. 2008ஆம் ஆண்டு மைவி அவருடையது. கோயில், சந்தை, உறவினர் வீடு என்று எங்கும் அதில்தான் போய்வருவார். “சாலைக் கோடே தெரிய மாட்டேங்குதும்மா. இணையத்துல எழுபது வெள்ளிக்கு விக்கிறான். பார்த்து வாங்கிக் குடு” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி உடனே மறுத்தான். அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அதிகாலை நாலரை மணிக்கே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கிக் கிளம்பிவிடுவான். “அக்கா, அந்த லைட்டு எதுக்க வந்தா எனக்கு எதுவுமே தெரியாது. பள்ளம் எங்க, லோரி எங்கன்னு தெரியாம ரெண்டு மூணு செகண்டு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுற மாதிரிதான்” என்றான்.

ஒரே வீட்டில் ஒருவருக்கு வெளிச்சம் போதவில்லை. இன்னொருவருக்கு எதிரில் வரும் வெளிச்சம் தாங்கவில்லை. இருவர் சொல்வதும் உண்மை. அதனால் பல்பு வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, விஷயத்தை முழுமையாகத் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் பயன்படும்.

தம்பி சொன்ன இரண்டு மூன்று வினாடி

முதலில் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டரைக் கடக்கும். மூன்று வினாடி கண் கூசினால் 75 மீட்டர் தூரம் எதையும் சரியாகப் பார்க்காமல் போயிருப்பீர்கள். ஸ்கூடாய் நெடுஞ்சாலையிலோ பாசிர் கூடாங் நெடுஞ்சாலையிலோ இருட்டில் 75 மீட்டர் என்பது விளையாட்டல்ல.

நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கும் மேல் சாலை விபத்தில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஜொகூர் பாருவில் அந்த எண்ணிக்கைக்கு முகம் உண்டு. பொழுது விடியும் முன்பே ஆயிரக்கணக்கான மோட்டார்கள் பாலத்தை நோக்கிப் போகின்றன. அவற்றில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்பாவின் பக்கமும் நியாயம் உண்டு. வயது கூடக் கூடக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. கண் வில்லை மஞ்சள் படிகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் எட்டுகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். கண்புரை தொடங்கிவிட்டால் இன்னும் சிரமம். ஆகவே “எனக்கு வெளிச்சம் வேணும்” என்று பெரியவர்கள் கேட்பது ஆசைக்காக அல்ல.

அதே பெரியவர்களுக்குத்தான் எதிர்வரும் விளக்கின் கூச்சமும் அதிகம்; பார்வை மீண்டும் தெளிவதற்கு ஆகும் நேரமும் அதிகம். ஊரில் எல்லாரும் விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கஷ்டப்படுபவர் அப்பாதான்.

மங்கலுக்குக் காரணம் பல்பு மட்டும்தானா?

அப்பாவின் காரை, தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். எல்இடி போடலாமா என்று கேட்டதும் அவர் பல்பைப் பற்றிப் பேசவே இல்லை. விளக்கின் மேல்மூடியைத் தட்டிக் காட்டினார். “இதைப் பாருங்கம்மா. டீ கிளாஸ் மாதிரி இருக்கு. உள்ள சூரியனையே வெச்சாலும் வெளிய இவ்வளவுதான் வரும்” என்றார்.

பழைய காலத்துக் கார்களில் விளக்கின் முகப்பு கண்ணாடி. பிறகு வந்த கார்களில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். எடை குறைவு, எளிதில் உடையாது, வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம். ஆனால் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் மேல்பூச்சை அரித்துவிட்டால் மஞ்சளாகி மங்கிவிடும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் ஊரில், கூரையில்லாத இடத்தில் நிற்கும் காருக்கு இது சீக்கிரமே வந்துவிடும்.

அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ட்ரிபிள் ஏ, 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. நன்றாக மங்கிப்போன முகப்பு, புதிதாக இருந்தபோது தந்த வெளிச்சத்தில் 22 விழுக்காட்டை மட்டுமே வெளியே விட்டதாம். தேய்த்துச் சுத்தப்படுத்திய பிறகு அது ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பல்பை மாற்றாமலேயே வெளிச்சம் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

அடுத்து அந்த அண்ணன் மீட்டரை எடுத்தார். இஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பாட்டரியில் அளந்தார்: 13.6 வோல்ட். பல்பின் சாக்கெட்டில் அளந்தார்: 11.9 வோல்ட். இடையில் உள்ள 1.7 வோல்ட் எங்கே போனது? பழைய வயர், சுவிட்சின் தேய்ந்த தொடுமுனை, துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவை அதைச் சூடாக்கி வீணாக்கிவிட்டன.

ஹாலஜன் பல்புக்கு இது பெரிய இழப்பு. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் 10 விழுக்காடு மட்டும் குறைவதில்லை. சுமார் 30 விழுக்காடு குறைகிறது. இழையின் சூடு குறைவதால் ஒளி வேகமாக இறங்கி மஞ்சளாகிறது. அப்பாவின் காரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வயரிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக பல்பின் வயது. ஹாலஜன் பல்பு எரியும் வரை நன்றாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பல ஆண்டு எரிந்த பல்பு அணையாமல் இருந்தாலும் ஒளி குறைந்திருக்கும். ஒருபுறம் எரிந்துபோனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதும் நம் வழக்கம். அப்போது இரண்டு விளக்கும் இரண்டு விதமாக எரியும்.

நான்காவது, விளக்கின் கோணம். பம்பர் ஒருமுறை இடிபட்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, விளக்குக் கூட்டைக் கழற்றி மாட்டினாலோ கோணம் மாறிவிடும். கீழே சரிந்த விளக்கு தூரத்தைக் காட்டாது. மேலே ஏறிய விளக்கு மரக்கிளையையும் அடுத்தவர் கண்ணையும் காட்டும்.

விளக்குக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இப்போது எல்இடி கேள்விக்கு வருவோம். நம் ஊரின் பழைய கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 வகைப் பல்பு. 1971இல் அறிமுகமான இந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு சிறு உலோகத் தடுப்பு இருக்கும். ஒளி மேல்பாதி ரிஃப்ளெக்டரில் மட்டும் பட்டு, கீழ்நோக்கிச் சாலையில் விழ வேண்டும் என்பதற்காக அந்தத் தடுப்பு.

சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த இழை எந்த இடத்தில், எந்தத் திசையில் இருக்கும் என்பதை வைத்துத்தான் பொறியாளர்கள் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் லோ பீமைச் சுவரில் அடித்தால் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு தெரிகிறது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த இருட்டுதான் எதிரே வருபவருக்குப் பாதுகாப்பு. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கோடு இடப்பக்கத்தில் மட்டும் சற்று மேலே ஏறும். சாலையோரம் நடப்பவரையும் பலகையையும் காட்டுவதற்காக இந்த ஏற்பாடு.

இந்தக் கூட்டுக்குள் எல்இடி பல்பை வைத்தால் என்ன ஆகும்? இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்இடி சில்லுகள் ஒரு தட்டையான பட்டையின் இரு பக்கத்தில் ஒட்டப்பட்டவை; பக்கவாட்டில் மட்டும் ஒளி வீசும். பட்டை தடிமனாக இருந்தால் ஒளி புறப்படும் இடமே மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரிஃப்ளெக்டர் அதைப் பெரிதாக்கிச் சாலையில் காட்டும். வெட்டுக்கோடு கலைந்து, மேலே இருக்க வேண்டிய இருட்டில் ஒளி சிதறும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. தரம் குறைந்த எல்இடி பல்புகள் காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் வெளிச்சத்தைக் குவித்துக் கொட்டும். ஓட்டுபவருக்குப் பகல் போலத் தெரியும். ஆனால் பக்கத்து வெளிச்சத்துக்குக் கண் பாப்பா சுருங்கிக்கொள்வதால், தூரத்தில் நிற்கும் மாடோ மனிதரோ முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிவார்.

90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்த, பிரேக்கில் கால் வைக்கும் நேரத்தையும் சேர்த்து, உலர்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 80 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் என்றால் சுமார் 45 மீட்டர். கறுப்புச் சட்டை போட்டு நடப்பவரை நல்ல லோ பீமே 50, 60 மீட்டருக்குள்தான் காட்டும். ஆகவே நமக்குத் தேவை தூரத்துக்குப் போகும் ஒளி.

புதுக் காரில் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?

“புது மைவியில எல்இடிதானே வருது?” என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் எல்லா ரகங்களிலும் எல்இடி முகப்பு விளக்கு உண்டு. ஆனால் அங்கே கூடு, ரிஃப்ளெக்டர், வெப்பம் வெளியேறும் வழி எல்லாமே எல்இடிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பல்பை மட்டும் யாரும் மாற்றிவிடவில்லை.

எல்இடி மோசமான பொருள் அல்ல. பிரகாசமான நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகாமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை எல்இடி கிடைத்தது. 2007இல் லெக்சஸ் நிறுவனத்தின் எல்எஸ் 600எச் கார் லோ பீமுக்கு எல்இடியைக் கொண்டு வந்தது. குறைந்த மின்சாரம், நீண்ட ஆயுள் என்று நன்மைகள் பல. அந்த நன்மை கிடைக்க வேண்டுமானால் கூடும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

உங்கள் காரின் கூடு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பெரும்பாலான கார்களில் விளக்கின் முகப்பில் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எச்.சி.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ஹாலஜனுக்காகச் செய்யப்பட்டது. ‘எல்.இ.டி.’ என்று இருந்தால் எல்இடிக்கானது. ஹாஃப் கட் கடையில் பழைய விளக்குக் கூடு வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த கூடாக இருந்தால் வெட்டுக்கோடு வலப்பக்கம் ஏறி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

இணையச் சந்தையில் எழுபது, எண்பது வெள்ளிப் பெட்டியின்மேல் ‘20,000 லூமென்’ என்று போட்டிருக்கும். நல்ல எச்4 பல்பு லோ பீமில் ஏறக்குறைய 1,000 லூமெனும், ஹை பீமில் 1,650 லூமெனும் தரும். அப்படியென்றால் இது இருபது மடங்கா?

கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும. நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 150 முதல் 200 லூமென் வரை தரலாம். அப்படியானால் 20,000 லூமெனுக்கு மெய்யாகவே 100 வாட்டுக்கும் மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 8 ஆம்பியருக்கும் அதிகம். பட்டறையில் மின்னோட்டத்தை அளந்து பார்த்தால் இத்தகைய மலிவு பல்புகள் பலவும் இரண்டு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். மீதி எல்லாம் பெட்டியில் அச்சடித்த மை.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஹாலஜன் தன் சூட்டை ஒளியோடு முன்னால் அனுப்பிவிடும். அந்தச் சூடு கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தையும் காயவைக்கும். எல்இடியின் சூடு பின்பக்கம் சேரும். அதனால்தான் பின்னால் விசிறியும் அலுமினியத் துடுப்பும் வைக்கிறார்கள். அவை உள்ளே அடங்கவில்லை என்று ரப்பர் மூடியை வெட்டிவிட்டால், நம் ஊர் மழையில் கூட்டுக்குள் தண்ணீரும் தூசியும் போய்ச் சேரும். விசிறி நின்றால் சில்லு சூடேறி ஒளி மங்கும், சீக்கிரம் கெட்டும் போகும். மலிவான எல்இடிகள் ரேடியோவையும் தொந்தரவு செய்யும். விளக்கைப் போட்டதும் மின்னல் எஃப்எம் கரகரவென்று இரைந்தால் காரணம் அங்கே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 2021 ஜனவரியிலிருந்து ஆண்டுப் பரிசோதனைக் கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் எல்இடி அல்லது எச்ஐடி பல்பு போட்டிருந்தால் அந்தக் கார் பரிசோதனையில் தேறாது.

ஜெர்மனி வேறு வழி எடுத்தது. 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 வகை எல்இடி மாற்றுப் பல்பு அங்கே முதன்முதலாகச் சாலைக்கு அனுமதி பெற்றது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அல்ல. எந்தக் கார், எந்த விளக்குக் கூடு என்று சோதித்துப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் அனுமதி. ஒரே பல்பு ஒரு கூட்டில் நன்றாகவும் இன்னொரு கூட்டில் மோசமாகவும் எரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. தொழிற்சாலையே பொருத்தித் தந்த விளக்கையும், பின்னால் நாமாக மாற்றிய விளக்கையும் சாலைப் போக்குவரத்து இலாகா ஒன்றாகப் பார்ப்பதில்லை. கண்ணைக் கூச வைக்கும்படி மாற்றிய விளக்குக்குச் சம்மன் வரலாம். வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவரவும் சொல்லலாம். கடைக்காரர் “ஜேபிஜே ஓகே” என்று சொன்னால் அதை நம்பி வாங்காமல், இலாகாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காரில் செய்யும் மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவைப்பதும் நல்லது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

முகப்பை முதலில் தேய்த்தோம். சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 1,000, 2,000, 3,000 என்று படிப்படியாக நைசாக்கி, கடைசியில் பாலிஷ் போட்டார் பட்டறை அண்ணன். அதோடு விடாமல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சையும் அடித்தார். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சளாகிவிடும். பற்பசை தேய்த்தால் போதும் என்று சொல்வார்கள். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து எர்த் இணைப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். பாட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் போகும்படி ரிலே வைத்த வயரிங் போட்டார். இப்போது சாக்கெட்டில் 13.2 வோல்ட் வருகிறது. பிறகு பெயருள்ள நிறுவனத்தின் சாதாரண 60/55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டையும் புதிதாக மாட்டினார். கையால் பல்பின் கண்ணாடியைத் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் பல்பைக் கெடுக்கும்.

இரண்டு பொருள்களை மட்டும் வேண்டாம் என்று அவரே தடுத்தார். ஒன்று, நீலம் பூசிய ‘சூப்பர் ஒயிட்’ ஹாலஜன். பூச்சு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். இன்னொன்று, 100/90 வாட் பல்பு. சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும்.

மொத்தச் செலவு கூலியோடு 200 வெள்ளியைத் தாண்டவில்லை. அப்பா அன்றிரவு ஓட்டிப் பார்த்துவிட்டு, “கோடு தெரியுது” என்றார். அடுத்த வாரமே அவரைக் கண் மருத்துவரிடமும் அழைத்துப்போனேன். வலக்கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறதாம். இரவில் மங்கலாகத் தெரிகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், காரோடு கண்ணையும் காட்டிவிடுங்கள்.

எல்இடிதான் வேண்டும் என்பவர்களுக்கு

காரின் மாடலுக்கு எல்இடி விளக்குக் கூடு முழுமையாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘ஈ’ முத்திரை பொறித்த, இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான கூடாக இருக்க வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் வெறும் பல்பைவிட அதுவே சரியான வழி. அதற்கும் இலாகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஏற்கெனவே எல்இடி பல்பு மாட்டியிருந்தால், சில்லுகள் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணித் திசையில் பக்கவாட்டாக நிற்கின்றனவா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழுமாக நின்றால் ஒளி கண்டபடி சிதறும். ஆறாயிரம் கெல்வினுக்கு மேற்பட்ட நீல வெள்ளை எதிரே வருபவருக்குக் கூச்சத்தைக் கூட்டும். விளக்கை அரைமணி நேரம் எரியவிட்டு, சூடேறிய பிறகும் அதே வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டார் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். மோட்டார்கள் பகலிலும் விளக்கைப் போட வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1992லேயே வந்துவிட்டது. கார்க்காரர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த விளக்கு அவர் கண்ணைக் கூச வைத்தால் வேகமும் தூரமும் அவருக்குப் புரியாது.

சுவர்ச் சோதனை

எந்தப் பல்பு போட்டிருந்தாலும் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். செலவு ஒரு சுருள் டேப் மட்டும்.

டயரில் சரியான காற்று இருக்கட்டும். விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு காருக்குள் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். சமதளமான இடத்தில் காரைச் சுவருக்கு நெருக்கமாக நிறுத்தி, இரண்டு விளக்குகளின் மையமும் சுவரில் எங்கே வருகிறது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காரை நேராக 5 மீட்டர் பின்னால் எடுத்து லோ பீமைப் போடுங்கள்.

வெட்டுக்கோட்டின் தட்டையான பகுதி, டேப்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால் 10 சென்டிமீட்டர். இடப்பக்கம் மட்டும் கோடு மேலே ஏறலாம். கோடு டேப்புக்கு மேலே இருந்தால் உங்கள் விளக்கு யாரோ ஒருவரின் கண்ணில் அடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் பட்டறையில் சில நிமிட வேலை.

கோடே தெரியவில்லை, சுவர் முழுக்க வெள்ளையாக வழிகிறது என்றால் திருகைத் திருப்பிப் பயனில்லை. அந்தப் பல்பு அந்தக் கூட்டுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். கழற்றி வைத்துவிட்டு, காரோடு வந்த வகைப் பல்பையே மாட்டுங்கள்.

இந்த வார இறுதியில் அரைமணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்குச் சாலைக் கோடு தெரியும். அதிகாலையில் பாலத்துக்குப் போகும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் பள்ளம் தெரியும்.